மூட்டையில் வந்த கடல்

"இன்று முதல் சாஃப்ட்னர் கழுவும் தண்ணீர் வீணாகாது. அது மழைநீர்க் கிணற்றில் சேரும். நம் வளாகத்திலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வெளியே போகாது." கடந்த சித்திரை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் குடியிருப்பின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தாள் இது. கீழே சங்கத்தின் முத்திரையும் செயலாளரின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. தேதியை நான் குறித்துவைத்திருக்கிறேன். இங்கே எழுதினால் எந்தக் குடியிருப்பு என்று அக்கம்பக்கத்தில் தெரிந்துவிடும். ஆகவே மாதத்தோடு நிறுத்துகிறேன். அன்று அந்தத் தாளின் முன்னால் நின்று நான்கைந்து பேர் கைதட்டினார்கள். பச்சை நிறத்தில் ஓர் இலை வரைந்திருந்தார்கள். அந்த இலையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

நான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் பிறந்தவள். திருமழிசைத் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. நசரத்பேட்டையில் வீடு வாங்கும்போது என் கணவரிடம் நான் கேட்ட ஒரே கேள்வி, கடல் எவ்வளவு தூரம் என்பதுதான். எங்கள் ஊரில் இறால் குட்டைகள் வந்தபிறகு ஒவ்வொரு கிணறாகக் கரித்துப் போனதைப் பார்த்தவள். குடத்தைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு நடந்தவள். பெங்களூர் நெடுஞ்சாலைப் பக்கம் போய்விட்டால் அந்தத் தொல்லை விட்டது என்று நினைத்தேன். "பயப்படாதே, இங்க கடல் வரணும்னா கோயம்பேட்டுல ரெண்டு சிக்னல் தாண்டணும்" என்றார் என் கணவர். நானும் சிரித்தேன்.

சாஃப்ட்னர் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் கடினமான தண்ணீர். உப்பு அல்ல, சுண்ணாம்பு. சோப்பு நுரைக்காது, குழாய் வாயில் வெள்ளையாகப் படியும், வெந்நீர்க் கருவி ஒரு வருடத்தில் அடைத்துக்கொள்ளும். அதற்காகக் கட்டடத்துக்கு ஒன்றாக, எங்கள் இரண்டு கட்டடங்களுக்கும் இரண்டு கருவிகள். ஆள் உயரத் தொட்டிக்குள் மணல் போன்ற சிறு மணிகள் இருக்கும். அவை சுண்ணாம்பைப் பிடித்துக்கொள்ளும். பிடித்து நிறைந்ததும் கெட்டியான உப்புத் தண்ணீரை உள்ளே விட்டு மணிகளைக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீரில் சுண்ணாம்பும் இருக்கும், போட்ட உப்பு முழுக்கவும் இருக்கும். உப்பு எங்கேயும் மாயமாகிவிடாது. இதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை சொல்லும். எங்கள் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் ஐந்து பொறியாளர்கள்.

உப்பு மூட்டை மூட்டையாக வரும். குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லாரியில் மாதத்துக்கு இரண்டு மூன்று முறை. கல்லுப்பு. மூட்டையின்மேல் அச்சடித்திருக்கும் ஊர்ப் பெயரை முதன்முதலில் படித்தபோது எனக்குச் சின்னதாக ஒரு சந்தோஷம்கூட வந்தது. எங்கள் கரையோரத்து உப்பளம் அது. நம் ஊர்ச் சரக்கு இத்தனை தூரம் வந்திருக்கிறதே என்று நின்று பார்த்தேன்.

சித்திரைக்கு முன்னால் கழுவிய தண்ணீர் கழிவுநீர்த் தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் தெருவுக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. தொட்டி நிறைந்தால் லாரி வந்து உறிஞ்சிப் போக வேண்டும். லாரி வந்து நின்றால் நாற்றம். முதல் மாடிக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சங்கத்தின் வாட்ஸாப் குழுவில் மூக்கைப் பிடிக்கும் பொம்மை போடுவார்கள். சாஃப்ட்னர் கழுவும் தண்ணீரால் தொட்டி சீக்கிரம் நிறைகிறது என்று யாரோ கண்டுபிடித்தார்கள். சாஃப்ட்னர் அறைக்குப் பக்கத்திலேயே மழைநீர்க் கிணறு. மொட்டை மாடியில் பெய்யும் மழையை நிலத்துக்குள் விடுவதற்காக உறை இறக்கிக் கட்டியது. குழாயைக் கொஞ்சம் வளைத்தால் போதும். வளைத்தார்கள். லாரியின் நாற்றத்திலிருந்து தப்பிப்பதற்காகச் செய்த காரியத்துக்குப் பச்சை இலை வரைந்து நீர்ச் சேமிப்பு என்று பெயர் வைத்தார்கள். உப்புக் கரைசலை மழைநீர்க் கிணற்றில் ஊற்றிவிட்டுத் தங்களைத் தாங்களே பாராட்டிக்கொண்ட மனிதர்கள் வேறெங்காவது இருக்கிறார்களா என்று எனக்குத் தெரியவில்லை. படித்தவர்கள் நிறைந்த வளாகத்தில்தான் இது நடக்கும்.

எங்கள் சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கீரைத் தோட்டம். கட்டடங்கள் நிற்கும் நிலமும் அதுவும் முன்பு ஒரே குடும்பத்தின் நிலம். அண்ணன்மார்கள் தங்கள் பங்கை விற்றுவிட்டார்கள்; தங்கை விற்கவில்லை. நாற்பது வயதிருக்கும். அவள் பங்கில் ஒரு பழைய கிணறும் இருந்தது. அரைக்கீரை, சிறுகீரை, வெந்தயக்கீரை, கொத்தமல்லி போடுவாள். கணவர் பூந்தமல்லிக்கும் திருமழிசைக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சுவரில் ஒரு கல் பெயர்ந்து சந்து ஒன்று இருந்தது. காலையில் அந்தச் சந்தின் இந்தப் பக்கம் நாங்கள் நிற்போம். அந்தப் பக்கத்திலிருந்து அவள் கீரைக்கட்டைக் கொடுப்பாள். முகம் தெரியாது, வளையல் போட்ட கை மட்டும் வரும். இரண்டு வருடம் அந்தக் கையை மட்டுமே எனக்குத் தெரியும்.

ஆடியில் அவள் விதைத்த வெந்தயம் முளைக்கவில்லை. விதைக் கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று வேறு கடையில் வாங்கி மறுபடி விதைத்தாள். அதுவும் முளைக்கவில்லை. கொத்தமல்லி முளைத்து இரண்டு இலையோடு படுத்துவிட்டது. ஆவணியில் அரைக்கீரையின் ஓரங்கள் நெருப்பில் காட்டியது மாதிரி கருகி வந்தன. "இந்தக் கட்டுக்குக் காசு வோணாம்க்கா, ஆட்டுக்குப் போடறதத்தான் குடுக்கறேன்" என்றாள் சந்துக்கு அந்தப் பக்கமிருந்து. ஒரு சனிக்கிழமை, விடுமுறை நாள், சுற்றிக்கொண்டு தோட்டத்துக்கே போனேன்.

பாத்தி வரப்பின்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. அவள் கிணற்றிலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். வாயில் வைத்தேன்.

"இன்னாக்கா, மூஞ்சி அப்டிப் போவுது?"

"கரிக்குது."

"அதத்தான் நானும் சொல்றேன். இந்தாளு ஒத்துக்க மாட்டேங்கிறாரு. ஒனக்கு நாக்குல கோளாறுன்றாரு."

ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்த கணவர் திரும்பாமலே சொன்னார்: "கடலு கீறது மெரினாவுல. அது இங்க எப்டி வரும்? நம்ம ஆட்டோல ஷேர் புட்ச்சி வருமா? அப்டி வந்தா நானே டிக்கெட்டு வாங்கிகினு ஏத்திகினு வரேன்."

"நீ ஏத்துவ. சைடுல ரெண்டு பேர கூட ஏத்திகினு வருவ" என்றாள் அவள்.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நான் எங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவருக்கு மேலே சாஃப்ட்னர் அறையின் தகரக்கூரை தெரிந்தது. அதன் கீழே மழைநீர்க் கிணறு. அங்கிருந்து இவள் கிணற்றுக்கு நடந்தால் ஒரு பீடி பற்றவைக்கும் நேரம்கூட ஆகாது. கடல் எப்படி வந்தது என்று அந்த இடத்தில் நின்றபோது எனக்குப் புரிந்தது. மூட்டையில் வந்தது. குட்டி யானையில் ஏறி, என் ஊரிலிருந்து, என் கண்ணெதிரே, காவலாளி வணக்கம் வைத்துக் கதவைத் திறந்துவிட வந்தது.

அன்று சாயங்காலமே காவலாளியை மூடியைத் திறக்கச் சொல்லி, கயிற்றில் ஒரு மக்கைக் கட்டி மழைநீர்க் கிணற்றில் இறக்கினேன். நாக்கில் ஒரு துளி வைத்தேன். எங்கள் ஊரில் பாத்தியில் உப்பு விளைவதற்கு முன்னால் அந்தத் தண்ணீருக்கு ஒரு கசப்பு இருக்கும். அதே கசப்பு. துப்பிவிட்டு நேராகச் செயலாளர் வீட்டுக்குப் போனேன்.

செயலாளர் கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பையன். முப்பத்தைந்து வயதுக்குள். கணினி நிறுவனத்தில் வேலை. மரியாதை தெரிந்தவர். உட்காரச் சொல்லி மோர் கொடுத்தார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு, "மேடம், நிலத்தடி நீர் உப்பாகறது சென்னை முழுக்க இருக்கற பிரச்சினைங்க. கடல் உள்ள வருதுன்னு பேப்பர்லயே போடறாங்களே" என்றார்.

"தம்பி, நான் கடற்கரையில பொறந்தவ. கடல் வந்தா கெழக்கேருந்து ஊர் ஊரா வரும். வளசரவாக்கம், போரூர் எல்லாத்தையும் தாண்டி நம்ம சுவத்துக்குப் பக்கத்துல மட்டும் எறங்காது."

"அப்புடி உறுதியாச் சொல்ல முடியாதுங்க மேடம். லேப்ல கொடுத்து, முறையா ஆய்வு பண்ணி…"

"மூட்டை மூட்டையா உப்பை வாங்கி மண்ணுக்குள்ள ஊத்தறோம். அதுக்கு எந்த லேப்?"

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. பொறுமையுள்ளவர்கள் பொறுமையில்லாதவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. "கூட்டத்துல வைக்கலாங்க மேடம்."

கடலைக் குற்றம் சொல்வது எத்தனை வசதி என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். கடலுக்கு யாரும் நோட்டீஸ் அனுப்ப முடியாது. அது வந்து கூட்டத்தில் எழுந்து நின்று நான் இல்லை என்று சொல்லாது. எங்கள் ஊரிலும் இதையேதான் சொன்னார்கள். குட்டை வெட்டி, கடல் தண்ணீரை இயந்திரம் வைத்து உள்ளே இழுத்து நிரப்பியவர்கள், கிணறு கரித்தபோது கடல் ஏறிவிட்டது என்றார்கள். கடல் தானாக ஏறவில்லை, ஏற்றினார்கள். நான் நிறையப் படிக்கிறவள். கடலோர நிலத்தடி நீரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறேன். அதிகமாக உறிஞ்சினால் கடல் நீர் உள்ளே நகரும் என்பது உண்மைதான். அந்த உண்மையை எடுத்துக்கொண்டு ஒரு வளாகத்துக் குழாயை மறைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

புரட்டாசியில் கூட்டம் நடந்தது. கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, சமோசா வைத்து. நான் கேட்ட விஷயம் கடைசியில் இருந்தது. முதல் விஷயம் என்ன தெரியுமா? நமது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரும் சமீபமாகக் கரிக்கிறது. ஆகவே இன்னும் பெரிய சாஃப்ட்னர் வாங்கலாமா என்பது. கரிக்கத்தானே செய்யும். நாம் ஊற்றியதை நாமே உறிஞ்சி, மறுபடி கழுவி, மறுபடி ஊற்றுகிறோம். அதைவிட, சாஃப்ட்னர் உப்பை எடுக்காது, சுண்ணாம்பைத்தான் எடுக்கும். பெரிய கருவி வாங்கினால் இன்னும் அதிக மூட்டை வரும், அவ்வளவுதான். இதை எழுந்து நின்று சொன்னேன். பேசி முடிப்பதற்குள் மூன்று பேர் குறுக்கே பேசினார்கள்.

"குழாயைத் திரும்பத் தொட்டிக்கு மாத்தினா லாரி அடிக்கடி வரும் மேடம். குழந்தைங்க விளையாடற இடம்."

"ஒரு கீரைக்காகவா மேடம் இவ்வளவு? ஆன்லைன்ல பத்து நிமிஷத்துல வருது."

"அவங்க எப்படியும் அந்த இடத்தை வித்துடுவாங்க. எத்தனை நாளைக்குக் கீரை போடப் போறாங்க?"

மூன்றாவதாகச் சொன்னவரின் முகத்தை நான் மறக்கவில்லை. விற்றுவிடுவார்கள் என்பது அவருக்குச் செய்தி. அந்த விற்பனைக்கு வழி செய்துகொண்டிருப்பது நம் குழாய் என்பது அவருக்குச் செய்தியில்லை. முடிவு எடுக்காமல் கூட்டம் கலைந்தது. சமோசா தீர்ந்துபோயிருந்தது.

குழாய் விஷயத்தைச் சந்து வழியாகவே அவளிடம் சொன்னேன். அடுத்த வாரம் சுவர்ச் சந்தை சிமென்ட் வைத்து அடைத்துவிட்டார்கள். பாதுகாப்புக்காக என்று வாட்ஸாப் குழுவில் செய்தி வந்தது. மறுநாள் காலையில் நான் வழக்கமான இடத்தில் நின்றேன். அந்தப் பக்கம் அவள் ஈர சிமென்ட்டைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"யக்கா, அங்க கீறியா?"

"இருக்கேன்."

"நல்லா கீது ஒங்காளுங்க நாயம். உப்பு குடுக்கறதுக்குப் பைப்பு வெச்சிகீறாங்க. கீர வாங்கற சந்த மட்டும் அட்ச்சிட்டாங்க."

ஒரு கட்டுச் சிறுகீரை சுவருக்கு மேலே பறந்து வந்து என் காலடியில் விழுந்தது.

அவளை அழைத்துக்கொண்டு போய்ப் புகார் கொடுக்கலாம் என்று கேட்டேன். மறுத்துவிட்டாள். "எங்கண்ணனுங்க வித்த எடத்துலதான் ஒங்க பில்டிங்கு நிக்குது. நானு போயி நின்னா, துட்ட வாங்கிகினு இப்ப இன்னாத்துக்கு அழுவுறன்னு கேப்பான். அந்தப் பேச்ச நானு வாங்கணுமா?" நான் மட்டும் போனேன். ஓர் அலுவலகத்தில், வளாகத்துக்குள் நடப்பது உங்கள் சங்கத்தின் சொந்த விஷயம் என்றார்கள். இன்னொன்றில், ஆழ்துளைக் கிணறு தோண்டுவதுதான் எங்கள் பொறுப்பு, ஊற்றுவது இல்லை என்றார்கள். மண்ணிலிருந்து எடுப்பதைக் கேட்க ஆள் இருக்கிறது. மண்ணுக்குள் விடுவதைக் கேட்க ஆள் இல்லை. இரண்டு இடத்திலும் அரை நாள் விடுப்புப் போனது. திருமழிசை பேருந்தில் நின்றுகொண்டே திரும்பினேன்.

ஷேர் ஆட்டோக்காரர் முடிவெடுத்துவிட்டார். நெடுஞ்சாலையில் லாரி நிறுத்த இடம் தேடி ஒருவர் வந்திருந்தார். கிணற்றை மூடி, ஜல்லி கொட்டி, நிலத்தை வாடகைக்கு விடுவது என்று பேச்சு. இவள் தை வரைக்கும் தவணை கேட்டாள். மழை வரட்டும், மழைத் தண்ணீரில் ஒரு தடவை விதைத்துப் பார்க்கிறேன், முளைக்காவிட்டால் நீ என்ன வேண்டுமானாலும் செய் என்றாள். ஆக, ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன்னால் எங்கள் குழாய் மாறவேண்டும். இல்லையென்றால் பெய்கிற மழை எங்கள் உப்பைத்தான் இழுத்துக்கொண்டு போய் அவள் கிணற்றில் சேர்க்கும்.

ஒரு சனிக்கிழமை காலை குட்டி யானை வந்தது. நான் கதவருகில் நின்றேன். தொழிற்சாலையில் தரம் சரியில்லாத சரக்கு வந்தால் திருப்பி அனுப்புவது என் தினசரி வேலை. ரசீதின்மேல் என்ன எழுத வேண்டும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று எனக்குத் தெரியும். ரசீதை வாங்கி, "சரக்கு ஏற்கப்படவில்லை" என்று எழுதி, சங்க உறுப்பினர் என்று கையெழுத்திட்டு ஓட்டுநரிடம் கொடுத்தேன்.

ஓட்டுநர் ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மேடம், உப்பு கெட்டுப்பூட்ச்சா? என் சர்வீஸ்ல உப்பு கெட்டு நானு பாத்ததில்லியே."

"சரக்கு நல்லாத்தான் இருக்கு. எறக்கற இடம் சரியில்ல."

"எறக்கிப் போட்டுட்டு நான் போய்கினே இருப்பேன். உங்க சண்டைய நீங்க போட்டுக்கோங்க."

"எறக்கினா நான் கையெழுத்துப் போட மாட்டேன். கையெழுத்து இல்லாம உங்க ஓனர் உங்களத்தான் கேப்பார்."

அவர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி வானத்தைப் பார்த்தார். வண்டி திரும்பியது. அடுத்த முறையும் சனிக்கிழமைதான் வந்தது, திருப்பினேன். செயலாளர் சனிக்கிழமையும் அலுவலகம் போகிறவர். அவர் கிளம்பும் நேரம் எனக்குத் தெரியும். வண்டி அதன் பிறகுதான் வரும்.

உப்பில்லாமல் சாஃப்ட்னர் வெறும் தொட்டியாகிவிட்டது. குழாய்களில் வெள்ளை படிந்தது. தலைமுடி சடையாகிறது என்று குழுவில் புலம்பினார்கள். யார் காரணம் என்பதும் தெரிந்துவிட்டது. லிஃப்டில் நான் ஏறினால் கைப்பேசியைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினார்கள். "இனிமே நாம படியில ஏறிப் பழகிக்கணும்" என்றார் என் கணவர். "உடம்புக்கு நல்லதுதான். ஆனா நாலாவது மாடி." அவர் என்னைத் தடுக்கவில்லை. குளித்துவிட்டு வரும்போது மட்டும் முடியைத் தொட்டுக் காட்டுவார்.

செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். இந்த முறை நான் மோர் கொடுத்தேன்.

"குழாயை மாத்திடறோங்க மேடம். தொட்டிக்கே விட்டுடறோம். லாரி வந்தா வரட்டும்."

"எப்போ?"

"இந்த வாரங்க." எழுந்து கதவுவரை போனவர் திரும்பினார். "எங்க மேல உங்களுக்கு ஏன் இவ்வளவு கோபம்னு எனக்குப் புரியவே இல்லைங்க மேடம். நல்லதுன்னு நினைச்சுத்தான செஞ்சோம்."

அவர் பொய் சொல்லவில்லை. குப்பையை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பவர். துணிப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர். அதனால்தான் கோபம். திருடினவனிடம் திருட்டு என்று சொன்னால் புரியும். நல்லது செய்கிறேன் என்று அடுத்தவர் கிணற்றில் உப்பைக் கொட்டியவரிடம் எந்தச் சொல்லும் எடுபடவில்லை. எனக்குத் தெரிந்த எல்லாச் சொல்லையும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் எடுபட்டது தலைமுடி. ஒரு குடும்பத்தின் கிணறு அசைக்காததைக் குளியலறைக் குழாயின் வெள்ளைக் கறை அசைத்தது. இதை வெற்றி என்று சொன்ன என் கணவரோடு அன்றைக்கு நான் பேசவில்லை.

பிளம்பர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். எங்கள் கட்டடத்துச் சாஃப்ட்னர் குழாயை நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். மழைநீர்க் கிணற்றுக்குப் போன துண்டை அறுத்தார், வாயில் மூடி ஒட்டினார், புதுக் குழாயைத் தொட்டிக்கு இழுத்தார். பிற்பகலில் பசை தீர்ந்துவிட்டது என்று போய்விட்டார். இரண்டாவது கட்டடத்துக் குழாய் தரைக்குமேல் இல்லை. கார் நிறுத்துமிடத்தின் ஓடுகளுக்கு அடியில் போய், அதே மழைநீர்க் கிணற்றில் சேர்ந்துகொண்டிருந்தது. அந்த வேலை மறுநாள் நடந்தது என்று சொன்னார்கள். மறுநாள் நான் அலுவலகத்தில் இருந்தேன். "இரண்டும் மாற்றியாயிற்று" என்று செயலாளர் குழுவில் போட்டார். முப்பது பேர் கட்டைவிரல் போட்டார்கள். அதன் பிறகு வந்த உப்பு வண்டியை நான் திருப்பவில்லை.

ஐப்பசியில் நல்ல மழை. மொட்டை மாடித் தண்ணீர் கிணற்றுக்குள் விழும் சத்தம் நாலாவது மாடிவரை கேட்டது. கார்த்திகையில் அவள் விதைத்தாள். நான் போய்ப் பார்த்தேன். மேட்டுப் பாத்தியில் வெந்தயம் முளைத்திருந்தது. கிணற்றை ஒட்டிய பாத்திகளில் திட்டுத் திட்டாகத்தான்.

"பாதி வந்துக்கீதுல்ல" என்றாள் அவள், கணவரைப் பார்த்து.

"பாதிதான் வரலன்னும் சொல்லலாம்."

"நீ சவாரி ஏத்தறப்ப மட்டும் பாதி வண்டி ரொம்பிட்டா கெளம்புவியே. அப்டி நென்ச்சிக்க."

அவர் சிரித்துவிட்டார். ஆனால் தை என்ற தவணையை மாற்றவில்லை. லாரிக்காரர் இரண்டு முறை போன் செய்துவிட்டாராம்.

மழை நின்று மார்கழி பாதியில் அவள் மறுபடி ஒரு சொம்பு கொடுத்தாள். கரித்தது. ஆவணியில் இருந்ததைவிடக் குறைவு என்று எனக்குப் பட்டது. அவளுக்கு அப்படிப் படவில்லை. மண்ணில் முன்பே இறங்கிய உப்பு வெளியேறப் பல மழைக்காலம் ஆகலாம். அப்படியானால் கரிப்பதற்கு அது போதுமான காரணம். இல்லையென்றால் இன்னொரு காரணம் இருக்கிறது, இரண்டாவது கட்டடத்துக் குழாய். அதைச் செயலாளரிடம் கேட்டேன். "மேடம், மறுபடியுமா?" என்றார். ஓடுகளைப் பெயர்த்துக் காட்டச் சொன்னேன். குழாய் பிரியும் இடத்தின் மூடிமேல் ஒரு கார் நிற்கிறது, உறை போட்டு. சொந்தக்காரர் வெளிநாட்டில் இருக்கிறார். சாவி யாரிடம் என்று யாருக்கும் தெரியவில்லை, அல்லது தெரிந்தவர்கள் சொல்லவில்லை. பிளம்பரின் எண்ணைக் கேட்டேன். ஊர் போயிருக்கிறார் என்றார்கள்.

தை பிறக்க இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. லாரிக்காரருக்கு என்ன பதில் சொல்வது என்று ஷேர் ஆட்டோக்காரர் நேற்று என்னிடமே கேட்டார். பழைய உப்புதானென்றால் பொறுத்திருக்கலாம், புது உப்பும் இறங்குகிறதென்றால் பொறுப்பதில் பயனில்லை; நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இரண்டாவது கட்டடத்தின் குழாய் மழைநீர்க் கிணற்றிலிருந்து துண்டிக்கப்பட்டது என்பது சங்கம் சொல்லும் தகவல். துண்டிக்கப்பட்டதை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகச் சொல்லும் ஒருவரையும் இதுவரை சந்திக்கவில்லை. இது இன்னும் சரிபார்க்கப்படாத தகவல்.